எச்சில் இலையின் சாட்சி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நியூ கினியாவின் குக் சதுப்பு நிலத்தைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மண்ணில் கிடக்கும் நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் கொண்டு ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டு பழமையான வாழைச் சாகுபடியைக் கண்டறிந்தார்கள் என்பது வியப்பாக இருந்தது. எங்கள் ஊர் எல்லையில் பானையோடுகள் சிதறிய பழைய மேடு ஒன்று உள்ளது. அதன் மண்ணைச் சோதித்தால் வாழை தமிழனின் பயிர் என்று நிறுவிவிட முடியுமா? மகரந்த ஆய்வு இதைவிடச் சிறந்ததா? பைட்டோலித் எனப்படும் இந்தச் சிலிக்காத் துகளைத் 'தாவரப் படிகம்' என்று சொல்லலாமா?

க., சின்னமனூர்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். அது படிகம் அன்று. வேர் உறிஞ்சும் நீரில் கரைந்து மேலேறும் சிலிக்கா, செல்களுக்குள்ளும் செல்களுக்கிடையிலும் இறுகி, படிக ஒழுங்கு இல்லாத ஓப்பலாகிறது. செடி மக்கிய பின்னும் அந்தச் செல்லின் அச்சு மண்ணில் கிடக்கிறது. செடிக்கல் என்று சொன்னால் எனக்குச் சம்மதமே. மகரந்தம் சிறந்ததா என்ற கேள்வி, கண் சிறந்ததா காது சிறந்ததா என்பது போன்றது, அதையும் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் அப்பத்தாவின் எருக்குழியை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டை விற்றாயிற்று. கொல்லையில் மண்ணடித்து மேடாக்கிவிட்டார்கள் என்று ஊரிலிருந்து வந்தவர் சொன்னார். பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டு போய் அந்தக் குழியில் போடுவது சிறுவனான என் வேலை. மாடு தின்றது போக மீதி அங்கேயே அழுகும். அப்பத்தா கிணற்றடியில் அமர்ந்து பித்தளைப் பாத்திரங்களை உமிச் சாம்பலால் விளக்கிய நீரும் அதே குழிக்குத்தான் ஓடும். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா என்பதும், பித்தளை பளிச்சிட்டது அதனால்தான் என்பதும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அந்த வீட்டின் அண்டாக்களும் பத்திரங்களும் போன இடம் தெரியவில்லை. ஆனால் மண்ணடித்த அந்தக் குழியில் உமித்தோலின் இரட்டைக் கொம்புச் செல்களும், நெல் இலையின் விசிறி வடிவச் செல்களும், வாழை இலையின் நரம்போரம் வரிசைகட்டி நின்ற, வாய் திறந்த எரிமலையைப் போன்ற துகள்களும் இன்றும் கிடக்கும்.

மனிதன் போற்றிச் சேர்த்து வைத்ததைக் காட்டிலும் எறிந்ததையே இந்தத் துகள்கள் சொல்கின்றன. வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் உண்ணும் வாழையில் வித்து இல்லை. தண்டு கரியாகி மிஞ்சுவதில்லை. மகரந்தத்தின் மேலுறை மெல்லியது என்பதால் அதுவும் எளிதில் அழிந்துவிடுகிறது. (விட்டுவிடுகிறேன் என்ற கேள்விக்கே பதில் சொல்லியாயிற்று.) மிஞ்சுவது இலையின் கல் மட்டுமே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், மேல் வாகி பள்ளத்தாக்கில் இருக்கும் குக்கில் தொல்லியலாளர் ஜாக் கோல்சன் 1970களில் அகழத் தொடங்கினார். தொல்லியலாளர் டிம் டென்ஹாமும் உடனிருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே மண்ணைக் கூட்டி மேடைகளாக்கிப் பயிரிட்ட காலத்தை இன்றிலிருந்து 6,950 முதல் 6,440 ஆண்டுகளுக்கு முன்பு என்று வைத்தது. சுற்றிலும் புல்வெளியாகிவிட்ட நிலத்தில், தானாக முளைத்தவற்றால் விளக்க முடியாத அளவுக்கு வாழைத் துகள்கள் அந்த அடுக்கில் இருந்தன. ஒரு துகளைக் கண்டு யாரும் துள்ளிக் குதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எது எதனோடு எந்த விகிதத்தில் கிடக்கிறது என்று எண்ணினார்கள். கல் கருவிகளில் ஒட்டியிருந்த சேம்பின் மாவுத் துகள்களையும் சேர்த்துப் பார்த்த பிறகே பேசினார்கள்.

நீங்களோ எண்ணத் தொடங்கும் முன்பே 'நிறுவிவிட முடியுமா' என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் வாங்கும் பூவனின் மரபணுத் தொகுதியில் இரண்டு பங்கு மூசா அக்குமினாட்டா, ஒரு பங்கு மூசா பால்பிசியானா; இரண்டும் காட்டுவாழை இனங்கள். பயிர் வாழைகளின் அக்குமினாட்டாப் பங்கில் நியூ கினியாவின் காட்டுவாழைக்குப் பெரிய இடம் உண்டு. அந்தப் பூவனுக்கு நீங்கள் எந்தச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிறீர்கள்? வயதில் சிறியவர் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறேன். பெரியவராக இருந்தாலும் கடிந்துகொள்வேன்.

ஓர் இடத்தில் மட்டும் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழைக்கு என்செட்டே என்றொரு பங்காளி உண்டு. அதன் இலையிலும் எரிமலைகள் உண்டு. கேமரூன் நாட்டின் என்காங் என்னும் இடத்தில் குப்பைக் குழிகளிலிருந்து சுமார் 2,500 ஆண்டு பழமையான வாழைத் துகள்களை எடுத்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தபோது, ஆசியாவிலிருந்து வாழை அவ்வளவு முன்பே ஆப்பிரிக்காவின் மேற்குக்குப் போயிருக்க முடியுமா, அது அங்கேயே விளையும் என்செட்டேயாக இருக்கலாகாதா என்று வழக்கு எழுந்தது. உகாண்டாவின் முன்சாவில் ஐயாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வாழை என்று சொன்னபோது வழக்கு இன்னும் பெரிதாயிற்று. எரிமலையின் வாய் எவ்வளவு அகலம், விளிம்பு எப்படி வளைகிறது, அடித்தளம் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாக அளந்து, இன்று விளையும் இனங்களின் துகள்களோடு ஒப்பிட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். இது உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சின்னமனூருக்கு மேற்கே தெரிகிற மலையின் பாறைச் சரிவுகளில் விளையும் கல்வாழையும் என்செட்டேதான் (பூங்காக்களில் சிவப்பாகப் பூக்கும் கல்வாழை அன்று). அதன் சருகு மழைநீரில் இறங்கி வந்து உங்கள் மேட்டில் தங்கியிருக்கலாம். அதைத் தின்ற விலங்கின் சாணத்தோடும் வந்திருக்கலாம். அந்தத் துகளைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நீங்கள் தமிழனின் வாழை என்று மேடையேறியிருக்கலாம்.

ஆகவே மேட்டைத் தோண்டாதீர்கள். அது தொல்லியல் துறையின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது வேறு. பூவன், ரஸ்தாளி, மொந்தன் ஆகியவற்றிலிருந்து இலைத் துண்டுகளையும், மலைக்குப் போகிற யாரிடமாவது சொல்லிக் கல்வாழையின் ஒரு சிறு துண்டையும் வாங்கி உலர்த்துங்கள். அருகிலுள்ள கல்லூரியின் உலையில் சாம்பலாக்கி, அமிலத்தில் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது நூறு எரிமலைகளையாவது அளந்து படம் வரைந்து எனக்கு அனுப்புங்கள். எரிப்பதற்கு முன்பே பொட்டலத்தின் மேல் இரகத்தின் பெயரை எழுதிவிடுங்கள். நான் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட மூன்று பொட்டலங்கள், எது எந்த வாழை என்று தெரியாமல் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.