அடுப்பங்கரையில் இன்டர்போல்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் ஏதோ ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் இன்டர்போல் இசைக்குழுவின் முதல் ஆல்பமான 'டர்ன் ஆன் தி பிரைட் லைட்ஸ்' பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்து மூன்று தடவை கேட்டேன், சமைத்துக்கொண்டே, ஃபோனில். உண்மையைச் சொன்னால் ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இழுக்கிறது, வரிகளுக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. ஜாய் டிவிஷன் என்ற பழைய இங்கிலாந்து இசைக்குழுவின் நகல் என்று வேறு சொல்கிறார்கள். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலாக இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. என் காதில்தான் கோளாறா?

க.

அன்புள்ள க.,

காது நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு ஃபோனில். இந்த ஆல்பத்தில் மெட்டு பாதிக்கு மேல் பேஸ் கிடாரில் ஓடுகிறது. கார்லோஸ் டெங்லர் மற்ற பேஸ் வாசிப்பவர்கள் மாதிரி பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கிற ஆள் கிடையாது, அவர் பாட்டுக்குத் தனியாக இன்னொரு பாட்டு வாசித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஃபோன் ஸ்பீக்கர் அதை அப்படியே விழுங்கிவிடும், மிச்சத்தைத் தாளிக்கிற சத்தம் பார்த்துக்கொள்ளும்.

இதை நான் பெரிய மனுஷனாகச் சொல்லவில்லை. நானும் முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஓட்டை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, என்ன இது மழை நாள் முனகல் என்று ஒரு வருஷம் ஒதுக்கி வைத்திருந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி பஸ்ஸில் பக்கத்து சீட் நண்பன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினான். முதல் பாட்டு, அதற்குப் பெயரே 'அன்டைட்டில்ட்' தான். டேனியல் கெஸ்லரின் கிடார் எதிரொலியோடு ஒற்றையாக வருகிறது, கொஞ்ச நேரத்தில் டிரம்ஸும் பேஸும் வந்து சேர்கின்றன, பாடகர் பால் பேங்க்ஸ் வாய் திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் நான் கவிழ்ந்துவிட்டேன்.

வரிகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பாதி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, சிலது சிரிப்பாகக்கூட இருக்கும். ஆனால் கோயிலில் சாமியாடி சொல்வதும் பாதி விளங்காதுதான், கைகட்டி நின்று கேட்கிறோம் இல்லையா? பேங்க்ஸ் அந்த மாதிரி முகம் மாறாமல், துளி சந்தேகம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போகிறார். ரசிகர்கள் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு அதை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் அதனால்தான்.

அந்த அர்த்தங்களில் ஒன்றோடு மட்டும் எனக்குச் சண்டை. இவர்கள் நியூயார்க் ஆட்கள். 2001 நவம்பரில், கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஒலிப்பதிவாளர் பீட்டர் கேட்டிஸ் தன் வீட்டிலேயே வைத்திருந்த ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு, 2002 ஆகஸ்டில் மடடோர் நிறுவனத்தின் வெளியீடு. இரட்டைக் கோபுரம் விழுந்த சூடு ஆறாத நேரம், போதாததற்கு 'என்.ஒய்.சி', அதாவது நியூயார்க் சிட்டி என்றே ஒரு பாட்டு. உடனே இது அந்தத் துக்கத்தின் ஆல்பம் என்று எழுதித் தள்ளினார்கள். ஆனால் அந்தப் பாட்டை அவர்கள் கோபுரம் விழுவதற்கு முன்பே, 2001 ஏப்ரலிலேயே பிபிசி வானொலியில் ஜான் பீலின் நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்துவிட்டார்கள். ஊருக்கு அப்போது ஒரு பாட்டு தேவைப்பட்டது, இது கைக்கு எட்டியது, அவ்வளவுதான். அதனால் அழுதவர்களின் அழுகை பொய்யாகிவிடாது என்பது வேறு விஷயம்.

நகல் விவகாரம்: சாயல் இருக்கிறது, பேங்க்ஸின் குரலில் ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்டிஸ் தெரிகிறார், மறுக்க முடியாது. பேரன் தாத்தா ஜாடையில் இருந்தால் அவனைத் தாத்தா என்றா கூப்பிடுகிறோம்? சாம் ஃபோகரினோவின் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு 'பிடிஏ' என்ற பாட்டைக் கேளுங்கள். பாதி தாண்டியதும் எல்லாம் அடங்கி கிடார் மட்டும் மிஞ்சும், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேரும். சோக ஆல்பம் என்று பெயர், ஆனால் அந்த இடத்தில் கால் தானாக ஆடும்.

ரசிகர்கள் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் ஆடுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் 2002-இன் ஆல்பங்களில் முதல் இடத்தையே கொடுத்தது, 2017-இல் பதினைந்து வருஷம் ஆனதற்கு முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்கள். பதினொரு பாட்டில் இரண்டு இல்லாவிட்டால் எனக்கு ஒரு குறையும் இருக்காது, எந்த இரண்டு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் ஸ்டெல்லா என்ற முக்குளிப்பவளைப் பற்றிய அந்த ஆறரை நிமிடப் பாட்டை யாராவது குறை சொன்னால் நானே அடிக்கப் போவேன்.

2004-இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பம் 'ஆன்டிக்ஸ்' இதைவிடச் சுலபமாகப் பிடிபடும், அதிலிருந்து ஆரம்பி என்று யாராவது சொல்வார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஃபோனை அடுப்பங்கரையை விட்டு வெளியே எடுத்து வாருங்கள், யாரிடமாவது ஒரு ஹெட்போன் கடன் வாங்குங்கள்.