கோடு சமம், அளவு சமமில்லை

கேள்வி: பாலிடெக்னிக்கில் பொருள் வடிவமைப்பு படிக்கிறேன். 250 மில்லி அளவுக் குவளை செய்தேன். வாய் அகலம், அடி குறுகல். கோடுகள் சம இடைவெளிதான். அளவு ஏன் தப்புகிறது?
– மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: விரிந்த குவளையில் மேலே போகப் போகக் கோடுகள் நெருங்க வேண்டும். நேர் உருளையாக, உள்விட்டம் 7 செ.மீ. வைத்தால் 50 மில்லிக்கு 13 மி.மீ. உயரம். 1 மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட 4 மில்லி போகும். 5 செ.மீ. என்றால் 2 மில்லிதான் பிசகும். ஆனால் கைவிட்டுக் கழுவ முடியாது. எனவே 7 செ.மீ. நல்லது.

கணக்கை மட்டும் நம்பிக் கோடு போடாதீர்கள். தராசில் குவளையை வைத்துச் சுழியமாக்கி, 50 கிராம் (50 மில்லி) வீதம் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, நீர்ப்பரப்பு வளைவின் அடிப்பகுதியில் குறியுங்கள். ரைஸ் குக்கர் கப்பின் 180 மில்லிக்கும் ஒரு கோடு அவசியம். சிந்தாமல் ஊற்ற, மேல் கோட்டுக்கு மேல் 15 மி.மீ. விடுங்கள்.