சிபாப் இயந்திரத்தை உறக்கத்துக்கு இசைவாக அமைத்துக்கொள்ளுதல்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும்போது, அதனைக் காற்றழுத்தத்தால் திறந்து வைத்திருப்பதே சிபாப் சிகிச்சையாகும். நான் வைத்தியர் அல்லள். நெஞ்சுநோய் விடுதியில் தாதிய உத்தியோகத்தராகப் பல வருடங்கள் கடமையாற்றி ஓய்வுபெற்றவள், எட்டு வருடங்களாக இரவுதோறும் மாஸ்க் அணிந்தே உறங்குபவள். இந்த இயந்திரத்தில் இரண்டு வகையான அமைப்புகள் இருக்கின்றன. ஈரப்பதம், குழாயின் சூடு, தொடக்க நேரத்து மென்மை, மாஸ்க் வகை ஆகியவை உங்கள் கைக்குரியவை. அவற்றை அஞ்சாமல் மாற்றலாம். சிகிச்சை அழுத்தம் மருந்தின் அளவைப் போன்றது. அதனை வைத்தியரின் அறிவுடனேயே மாற்ற வேண்டும். கீழே உள்ள எல்லாப் பதில்களும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கின்றன.

கேள்வி (ஹட்டன், தனியார் பஸ் சாரதி): சிஸ்டர், எனது ஓட்டோ மெஷின் 4 முதல் 20 வரை என்று வைக்கப்பட்டிருக்கிறது. மாஸ்க்கைப் போட்டவுடன் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுகிறது. நடுச்சாமத்தில் காற்று முகத்தில் அடித்து எழுப்பிவிடுகிறது. கழற்றி வைத்துவிட்டு, நான்கு மணிக்கு வண்டி எடுக்கப் போய்விடுகிறேன்.

பதில்: தம்பி, நீங்கள் குறிப்பிட்ட 4 முதல் 20 வரை என்பது தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும் ஓட்டோ இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டு வரும் முழு எல்லை. அது உங்களுக்கென்று அளந்து வைத்தது அல்ல. அழுத்தம் நீரின் சென்ரிமீற்றர் கணக்கில் அளக்கப்படுகிறது. 4 என்பது இயந்திரத்தால் தரக்கூடிய மிகக் குறைந்த அளவு, வளர்ந்த ஒருவருக்குப் பல வேளைகளில் அது மூச்சு முட்டுவதாகவே தோன்றும். மறுபுறம், உங்களுக்கு உண்மையில் 8 அல்லது 9 தேவைப்படுமானால், இயந்திரம் 4 இலிருந்து ஏறி வருவதற்குள் பல மூச்சுத் தடைகள் நிகழ்ந்துவிடும். அவற்றைத் துரத்திப் பிடிப்பதற்காக அது மேலே பாயும்போதுதான் நீங்கள் திடுக்கிட்டு விழிக்கிறீர்கள்.

ஆகவே, இயந்திரத்திலுள்ள எஸ்.டி. கார்டைக் கழற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். இரவின் 95 வீதமான நேரம் எந்த அழுத்தத்துக்குள் அடங்கியது என்பது அதில் பதிவாகியிருக்கும். அதனைப் பார்த்து வைத்தியர் கீழெல்லையை உயர்த்தி மேலெல்லையைக் குறைப்பார். எல்லை குறுகியபோது உறக்கம் சீரான நோயாளர் பலரை நான் விடுதியில் கண்டிருக்கிறேன். அதுவரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: 'ராம்ப்' எனப்படும் மெல்ல ஏறும் நேரத்தை நிறுத்திவிடுங்கள், அல்லது பத்து நிமிடத்துக்குக் குறையுங்கள். புதியவர்களுக்கு ராம்ப் இதம் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் காற்றுப் போதவில்லை என்று தவிப்பவருக்கு, மிகக் குறைந்த அழுத்தத்தில் நாற்பத்தைந்து நிமிடங்கள் காத்திருப்பது தவிப்பை நீட்டிப்பதாகவே முடியும்.

மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தணிக்கும் வசதியும் இருக்கிறது. ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரங்களில் அது ஈ.பி.ஆர். எனப்படும்; 1, 2, 3 என்ற படிகள் அந்தந்தச் சென்ரிமீற்றர் அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் இயந்திரம் 4 இற்குக் கீழே இறங்காது என்பதால், அழுத்தம் 4 இல் நிற்கும் வேளையில் ஈ.பி.ஆர். மூன்றில் இருந்தாலும் எந்தப் பயனும் கிடைக்காது. இந்த வசதி வேலை செய்யவில்லை என்று முறையிடுபவர்கள் பலருக்கு உண்மைக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மாஸ்க் இல்லாமல் பாதி இரவு உறங்கிவிட்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறீர்கள். கண் சொருகும் நாளில் தயவுசெய்து ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். உங்கள் நிலைமையை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (நுவரெலியா, மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்): விடியற்காலையில் குழாய்க்குள் தண்ணீர் கலகலவென்று சத்தமிடுகிறது. சில நாட்களில் மூக்கிலேயே தண்ணீர் தெறிக்கிறது. ஈரப்பதத்தை முழுதாக நிறுத்தினால் மூக்கு வறண்டு இரத்தம் கசிகிறது.

பதில்: நம் குளிர்ப் பிரதேசத்தவர்களுக்கே உரிய தொல்லை இது. ஈரமூட்டியிலிருந்து சூடான ஈரக்காற்று புறப்படுகிறது. அறையோ ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடுங்கவைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. தோட்டத்தில் துகள் உறைபனி விழும் இரவில், குழாயின் சுவரும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மீது நீராகப் படிகிறது. மூடியைத் திறந்ததும் பானையின் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் இப்படித்தான். எனவே, ஈரத்தைக் கைவிடுவது தீர்வல்ல. குழாயைச் சூடாக வைத்திருப்பதே தீர்வு.

உங்களுடையது சூடேறும் குழாயாக இருந்தால், அதன் வெப்பநிலையை ஒவ்வொரு பாகையாக உயர்த்துங்கள். ரெஸ்மெட்டில் அது 16 முதல் 30 பாகை வரை செல்லும். 27 என்பது வழமையான தொடக்க நிலை. சாதாரணக் குழாயாக இருந்தால், ஈரப்பத அளவை ஒரு படி மட்டும் குறைத்து, குழாயின் பெரும்பகுதியைக் கம்பளிக்குள் விட்டு, முகத்துக்கு அருகே மட்டும் வெளியே எடுங்கள். பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டிக் குழாய்க்கு உறையாகத் தைத்துக்கொண்டால் அதுவே போதுமானது. எனது குழாய்க்கு நான் செய்திருப்பதும் அதுதான். இயந்திரத்தின் காற்று நுழையும் பக்கத்தை மட்டும் எந்தத் துணியாலும் மூடிவிடாதீர்கள். இயந்திரம் உங்கள் தலையை விடத் தாழ்வாக இருக்கட்டும். அப்போது படிகிற நீர் முகத்தை நோக்கி வராமல் தொட்டிக்கே திரும்பும்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு இரவுகள் கொடுங்கள். ஒரே இரவில் நான்கையும் மாற்றினால் எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, கிளினிக்கில் உள்ளவர்களுக்கும் தெரியாது. ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): தோட்டத்துப் பீலித் தண்ணீர் மிகவும் சுத்தமானது. அதைக் காய்ச்சி ஊற்றலாமா? அல்லது பெற்றோல் செட்டில் விற்கும் பட்டரித் தண்ணீர்?

பதில்: காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஆனால் கரைந்துள்ள தாது உப்புகள் தொட்டியிலேயே தங்கி அடியில் வெள்ளையாகப் படியும். பட்டரித் தண்ணீர் மனிதர் சுவாசிக்கும் காற்றுக்கென்று அடைக்கப்பட்டதல்ல, ஆகவே வேண்டாம். பாமசியில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே உரியது. அது தீர்ந்துபோன ஓர் இரவுக்குக் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றலாம். சிகிச்சையைத் தவறவிடுவதை விட அது மேல். காலையில் மிச்ச நீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள். வீட்டில் விறகடுப்பு எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்: இயந்திரத்துக்குள் நுழையும் காற்றை வடிகட்டும் வடிதாள் மாதம் முடியும் முன்பே கறுத்துவிடும், நாட்கணக்குப் பாராமல் நிறம் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி (நுவரெலியா): நாங்கள் இருக்கும் உயரத்தில் காற்றே மெல்லியதாக இருக்கிறதே. கொழும்பில் வைத்துத் தந்த அழுத்தம் இங்கே குறைந்துவிடாதா?

பதில்: நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இன்றைய இயந்திரங்கள் தாம் தரும் அழுத்தத்தை உணர்ந்து விசிறியின் வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஏறத்தாழ 2,590 மீற்றர் வரை இயங்கும் என்று அதன் கைநூல் கூறுகிறது. மிகப் பழைய இயந்திரங்களில் மட்டும் உயரத்தைக் கையால் தெரிவு செய்யும் ஓர் அமைப்பு இருக்கும். அதைக் கடல்மட்டத்தில் விட்டுவிட்டால் குறைந்த அழுத்தமே கிடைக்கும். யாரேனும் உங்களுக்குப் பழைய இயந்திரம் தந்திருந்தால் அதனை முதலில் பாருங்கள்.

கேள்வி (தலவாக்கலை, ஓய்வுபெற்ற தொழிற்சாலை எழுதுவினைஞர்): மாஸ்க்கை எவ்வளவு இறுக்கினாலும் கண்ணுக்குள் காற்று அடிக்கிறது. மூக்குத் தண்டில் புண் வந்துவிட்டது. வாயும் காய்ந்துபோகிறது.

பதில்: ஐயா, இறுக்கியதால்தான் கசிகிறது. மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு காற்றால் சற்று உப்பி முகத்தில் மிதந்து நிற்க வேண்டும். பட்டியை இழுத்துக் கட்டும்போது அது மடிந்து, மடிப்பின் வழியே காற்று வெளியேறுகிறது. எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டு, நீங்கள் உறங்கும் நிலையிலேயே படுத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று முன்னே இழுத்து மெல்ல விடுங்கள். அதன் பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இரு பக்கமும் ஒரே சீராக இறுக்குங்கள். உட்கார்ந்தபடி பொருத்திய மாஸ்க் படுத்தவுடன் கசிவது இயல்பே, ஏனெனில் கன்னத்தின் சதை இடம் மாறுகிறது. இரவில் முகத்தில் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும்.

வாய் காய்வதன் காரணம் வேறு: மூக்கு மாஸ்க்கின் காற்று திறந்த வாயால் வெளியேறுகிறது. முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள், மூக்குத் திறந்திருந்தால் பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும். அதன் பின்னும் தொடர்ந்தால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். மாற்றியதும் இயந்திரத்திலும் மாஸ்க் வகையை மாற்ற மறக்காதீர்கள், இல்லையேல் கசிவுக் கணக்குப் பிழையாகும். ரெஸ்மெட்டில் நிமிடத்துக்கு 24 லீற்றருக்கு மேற்பட்ட கசிவு அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. புண் ஆறும்வரை, மூக்குத் தண்டைத் தொடாத மாஸ்க் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியை): எனது ஏ.எச்.ஐ. 9 என்று காட்டுகிறது. அதில் 6, 'சென்ட்ரல்' வகையாம். அழுத்தத்தை நானே இரண்டு கூட்டலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: வேண்டாம் மகள். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணித்தியாலத்தில் மூச்சு நின்ற, குறைந்த தடவைகளின் எண்ணிக்கை. சிகிச்சையின்போது அது 5 இற்குக் கீழே இருப்பதையே விரும்புகிறோம். ஆனால் சென்ட்ரல் என்பது அடைப்பு அல்ல. பாதை திறந்திருக்கிறது, மூளையின் ஏவல்தான் சற்று நேரம் வரவில்லை. திறந்திருக்கும் கதவை இன்னும் பலமாகத் தள்ளுவதால் ஆவதொன்றுமில்லை; சிலருக்கு அழுத்தம் கூடும்போது இவ்வகைத் தடைகளும் கூடுகின்றன. சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் இவை தோன்றிப் பின்னர் தாமாகக் குறைவது பலருக்கு நிகழ்கிறது. ஆயினும் இருதய நோய் இருந்தாலோ, மோர்பின் போன்ற ஓபியொயிட் வகை வலிமருந்துகள் எடுத்தாலோ, ஒரு மாதத்துக்குப் பின்னும் எண்ணிக்கை குறையாவிட்டாலோ, இந்தப் பதிவுகளை வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி (அப்புத்தளை): காலையில் வயிறு ஊதி, ஏப்பம் நிற்பதில்லை.

பதில்: காற்று உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுங்கள், இராச்சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள், ஈ.பி.ஆர். ஒரு படி கூடட்டும். குறையாவிட்டால் அழுத்தத்தின் மேலெல்லையை வைத்தியர் குறைக்க வேண்டிவரலாம்.

கேள்வி (பொகவந்தலாவை, 68 வயது): காற்றடிக்கும் காலத்தில் மரம் விழுந்து இரவெல்லாம் மின்சாரம் இருக்காது. மாஸ்க் போட்டிருக்கும்போது கரண்ட் நின்றால் மூச்சடைத்து இறந்துவிடுவேனோ என்ற பயத்திலேயே உறங்க முடிவதில்லை.

பதில்: ஐயா, இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் எனது முதல் மாதத்தில் எனக்கும் அது இருந்தது. மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு விடலாம். மூக்கையும் வாயையும் மூடும் முழுமுக மாஸ்க்கில் அழுத்தம் நின்றவுடன் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் ஒரு சிறு தடுக்கிதழ் இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது, பேரப்பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மாஸ்க்கை அணிந்து இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். மூச்சு வருவதை நீங்களே உணர்ந்த பின் இரவு இலகுவாகும். மாஸ்க்கைக் கழுவும்போது அந்த இதழ் மடங்காமலும் அழுக்கு ஒட்டாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டரியில் இயக்குவதானால், அதிக மின்சாரத்தைக் குடிப்பவை ஈரமூட்டியும் சூடேறும் குழாயுமே. அவ்விரண்டையும் நிறுத்தினால் அதே பட்டரி பல மணித்தியாலங்கள் கூடுதலாக நிற்கும். 12 வோல்ட் பட்டரியை நேரடியாகப் பொருத்த வேண்டாம். சில இயந்திரங்கள் 24 வோல்ட்டில் இயங்குபவை, ஆகையால் அந்தந்த இயந்திரத்துக்கு உரிய மாற்றியே தேவை.

கேள்வி (ஹட்டன்): கனடாவில் உள்ள மாமா தமது பழைய மெஷினை அனுப்புகிறார். அப்படியே பாவிக்கலாமா?

பதில்: மின்சாரம் தடையாகாது, பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பிளக் மட்டும் மாற வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் மாமாவினுடையது, உங்களுடையதல்ல. பிலிப்ஸ் நிறுவனத்தின் இயந்திரமானால் இன்னும் கவனம் வேண்டும்: ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதைந்து சுவாசத்தில் கலக்கக்கூடும் என்பதால், பல மாதிரிகளை அந்நிறுவனமே 2021 ஜூனில் மீளப்பெற அறிவித்தது. தொடரிலக்கத்தைக் கொண்டு அது அப்பட்டியலில் உள்ளதா என்று அனுப்பும் முன்னரே மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாஸ்க், குழாய், வடிதாள், தண்ணீர்த் தொட்டி ஆகியவை புதியனவாகவே இருக்கட்டும். உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளாமல் யாரும் இதனைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி (நானுஓயா): பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்காகப் பத்து நாட்கள் கொழும்பில் தங்கப் போகிறேன். என்ன மாற்ற வேண்டும்?

பதில்: அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. ஈரப்பதத்தை இரண்டு படிகள் குறைத்துத் தொடங்குங்கள், குழாயின் சூட்டையும் இறக்குங்கள்; ஏ.சி. அறையில் படுத்தால் மறுபடி சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். அழுத்தத்தைத் தொட வேண்டாம். ரயிலில் ஏறும் முன் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி முழுதாக வடித்துத் துடைத்துவிடுங்கள். தொட்டியில் நீர் இருக்கையில் இயந்திரம் சரிந்தால் அது மோட்டாருக்குள் போய்விடும். இயந்திரம் உங்கள் மடியிலோ காலடியிலோ இருக்கட்டும், மேல்தட்டில் வைக்காதீர்கள்.