எலி, ரத்தக்குழாய், ஹன்டா வைரஸ்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளுக்குத் தொற்றுநோய் மருத்துவரின் பதில்கள்

மேலூர் வாசகர்: ஹன்டா வைரஸ் நுரையீரலையே அரித்துவிடும் என்கிறார்களே டாக்டர்?

அரிப்பதில்லை. எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் இந்த வைரஸ் ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் குடியேறுகிறது, அவற்றைக் கொல்லாமலே பெருகுகிறது. காய்ச்சல் கண்டு நாலைந்து நாளில் சிடி8 டி செல்கள், அதாவது வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கும் வெள்ளையணுக்கள், கும்பலாக அங்கே வந்து சேரும். அவை கொட்டும் டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் பொருள்கள், கூடவே உடம்பில் ஊறும், குழாயைக் கசியவைக்கும் விஇஜிஎஃப், பிராடிகைனின் எல்லாம் சேர்ந்து செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள ஒட்டைத் தளர்த்திவிடும். துணி கிழியவில்லை, தையல் விட்டுப்போகிறது. பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போக, சிவப்பணு உள்ளேயே நிற்கும். அமெரிக்க வகைகளில் இந்தக் கசிவு நுரையீரலில். ஹன்டான், பூமலா போன்ற ஆசிய, ஐரோப்பிய வகைகளில் பெரும்பாலும் சிறுநீரகத்தில். சின் நோம்ப்ரே என்ற வட அமெரிக்க வகையில் பத்துக்கு மூன்று நான்கு பேர் இறக்கிறார்கள்.

சோழவந்தான் விவசாயி: எலிக்கு ஒண்ணும் ஆகலையே, ஏன்யா?

எலியின் உடம்பு சண்டையை அடக்கி வைக்கிறது. அதன் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அழற்சியைத் தணித்துவிடுவதால், வைரஸ் மாதக்கணக்கில் தங்கி சிறுநீரிலும் எச்சிலிலும் வெளியேறும்.

திருமங்கலம் லேப் டெக்னீஷியன்: டெங்குவிலும் பிளேட்லெட் இறங்கும், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏறும். எப்படிச் சார் பிரிப்பது?

நல்ல கேள்வி. வெள்ளையணுவைப் பாருங்கள்: டெங்குவில் பெரும்பாலும் குறையும், நுரையீரல் வகை ஹன்டாவில் ஏறும். ஸ்மியரில் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தில்) இளம் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் தெரியும், அவற்றில் நச்சுத் துகள் (கருமையான துகள்கள்) பெரிதாக இருக்காது. லிம்ஃபோசைட் வெள்ளையணுக்களில் 10 சதவீதத்துக்கு மேல் பெரிய, கருநீல சைட்டோபிளாசம் கொண்ட இம்யூனோபிளாஸ்ட், அதாவது தூண்டப்பட்ட லிம்ஃபோசைட். இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். உறுதி செய்வது ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் சோதனையும், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆரும்தான்.

உசிலம்பட்டி நர்ஸ்: எதிர்ப்பு சக்திதான் வினை என்றால் ஸ்டீராய்டு போட்டு அடக்கலாமே?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சிலியில் ஆன்டிஸ் வைரஸ் (தென் அமெரிக்க ஹன்டா வகை) நோயாளிகளுக்கு மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து ஆராய்ந்தார்கள், பலன் தெரியவில்லை. இங்கே பெரிய தவறு வேறு: பிரஷர் இறங்கியதும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவது. ஒட்டு விட்டுப்போன குழாயில் ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் இனோட்ரோப் மருந்து, தேவைப்பட்டால் உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவி. சிறுநீரக வகையில் ஆரம்பத்திலேயே கொடுத்தால் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஓரளவு உதவலாம்.

வாடிப்பட்டி வாசகி: நம்ம ஊரில் இருக்கா டாக்டர்?

1964இல் வேலூர்ப் பக்கம் ஒரு மூஞ்சூறிலிருந்து தோட்டப்பாளையம் வைரஸ் பிரிக்கப்பட்டது. அதுவும் ஹன்டா குடும்பம்தான், ஆனால் மனிதருக்கு நோய் தருவதாக நிரூபணம் இல்லை. எலி நடமாடும் வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் கண் என்றால் நான் முதலில் நினைப்பது எலிக்காய்ச்சலைத்தான் (லெப்டோஸ்பைரோசிஸ்). அது ஹன்டா அல்ல, பாக்டீரியா நோய். அதற்கு டாக்சிசைக்கிளின், பெனிசிலின் உண்டு, தாமதிக்க வேண்டாம். நெல் குதிரில் எலிப்புழுக்கை கிடந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசியோடு வைரஸும் கிளம்பும். கதவைத் திறந்து அரைமணி காற்றோட விட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறியபின் கையுறை போட்டு ஈரத்துணியால் அள்ளுங்கள்.