ஸ்பானிஷில் பொறுமை இழப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (புதிதாகக் கற்பவர்): அக்கா, 'சீக்கிரம்!' என்பதற்கு ஆப்பில் 'தாத்தெ ப்ரீசா' என்று வருகிறது. மெக்சிகோ நண்பரோ 'அபூராத்தெ' என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி. முதலாவது ஸ்பெயினில் அதிகம் புழங்குகிறது, இரண்டாவது லத்தீன் அமெரிக்காவில். அர்ஜென்டினாவில் 'பூ'வை நீட்டாமல் 'ரா'வில் அழுத்தி 'அபுராத்தெ' என்பார்கள். இவையெல்லாம் நண்பர்களிடம், தம்பி தங்கையிடம் சொல்ல. நாம் 'வா', 'வாங்க' என்று பிரிப்பதுபோல அங்கும் மரியாதை வடிவம் உண்டு: 'தெசெ ப்ரீசா', 'அபூரெசெ'. ஆனால் மரியாதை வடிவம் என்பதற்காக முன்பின் தெரியாதவரை விரட்டிவிடாதீர்கள்.

கேள்வி (வலென்சியாவில் படிக்கும் மாணவி): என் அறைத்தோழி போனை வைக்கும்போதெல்லாம் 'பெங்கா, பெங்கா' என்கிறாள். எரிச்சலில் சொல்கிறாளா?

பதில்: இல்லவே இல்லை. அங்கே அது 'சரி, வச்சிடறேன்' என்பதுதான். அதே சொல்லை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு சொன்னால் 'கிளம்பு, கிளம்பு!'. குரலையும் இடத்தையும் வைத்துத்தான் பொருள். ஒன்றில் மட்டும் கவனம்: 'பெங்கா யா!' என்றால் அவசரமே இல்லை, 'சும்மா கதை விடாதே!' என்று அர்த்தம்.

கேள்வி: ஒரே ஒரு சொல்தான் கற்க முடியும் என்றால்?

பதில்: 'யா'. எனக்கு மிகப் பிடித்த சொல்லும் அதுதான். வெடுக்கென்று 'யா!' என்றால் 'போதும், நிறுத்து!'. அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது உள்ளேயிருந்து 'யா பொய்!' என்று குரல் கொடுத்தால் 'இதோ வந்துட்டேன்'. நெடுநேரம் காத்திருந்த பஸ் ஒருவழியாக வந்தால் 'யா எரா ஓரா!', 'இப்பவாவது வந்துச்சே!'. 'யா, யா' என்று இரண்டு தடவை இழுத்தால் 'சரி சரி, புரியுது'. புவெனஸ் ஐரிஸில் இதே சொல் 'ஷா' என்று காதில் விழும். அங்கே அவசரப்படுத்த 'தாலெ!' என்பதைத்தான் அதிகம் கேட்பீர்கள்; சம்மதம் சொல்லவும் அதுவேதான்.

கேள்வி (மாட்ரிட் செல்லும் பயணி): உணவகத்தில் பில் வரவே இல்லை. என்ன சொல்ல?

பதில்: 'லா குவெந்தா, குவாந்தோ புவேதா'. 'முடியும்போது பில் கொடுங்க' என்று பொருள். பில்லை நாம் கேட்டால்தான் பெரும்பாலும் கொண்டுவருவார்கள். கேட்காமல் நீட்டினால் விரட்டுவதுபோல ஆகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே கோபத்துக்கு அங்கே வேலையில்லை.

கேள்வி: மெக்சிகோவில் 'அஓரித்தா' என்றார் கடைக்காரர். எவ்வளவு நேரம் நிற்பது?

பதில்: இந்த நொடியாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், நடக்காமலே போகலாம். 'கோமோ ஆ கே ஓரா?' (சுமாராக எத்தனை மணிக்கு?) என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். நெருங்கிய நண்பராக இருந்தால் 'ஆந்தலெ!' என்று உசுப்பலாம்.

கேள்வி: 'எஸ்தோய் ஆர்த்தோ' என்று பெண்கள் சொல்லலாமா?

பதில்: பெண்ணென்றால் 'ஆர்த்தா'. 'வெறுத்துப் போச்சு' என்கிற அளவுக்குக் கனமான சொல், வாடகைக்கு வீடு கொடுத்தவரிடம் வேண்டாம். ஸ்பெயினில் நண்பர்களுக்குள் செல்லமாகக் கடிந்துகொள்ள 'கெ எஸ் பாரா ஓய்!' போதும்: 'இன்னைக்குள்ள முடிப்பா!'.