விட்ட மீன் பிழைக்கிறதா? தூண்டில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பிடிக்கும் மீனை உயிரோடு திருப்பி விடுவது பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

தூண்டிலில் மாட்டியதைக் காயமில்லாமல்தான் விடுகிறேன். நன்றாக நீந்திப் போகிறது. ஆனால் மறுநாள் அதே கரையில் ஒன்றிரண்டு செத்து மிதக்கின்றன. என் மீனாக இருக்குமா?
— வாசகர், ஈரோடு

இருக்கலாம். நீந்திப் போனது என்பதை வைத்துப் பிழைத்தது என்று சொல்ல முடியாது. தூண்டிலில் போராடும் மீன், ஓடிக் களைத்தவனைப்போல் ஆக்சிஜன் கடனில் இருக்கிறது. தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறியிருக்கும். இந்த நிலையில் அதற்கு மிக அவசரமாக வேண்டியது செவுளில் ஓடும் தண்ணீர். நாம் அந்த நேரம் பார்த்துத்தான் அதை வெளியே தூக்குகிறோம். செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், சுற்றிலும் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் மீனுக்குப் பயனில்லை.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவில் 1992-ல் வெளியான ஆய்வு ஒன்றில், களைத்துப்போகும்வரை விரட்டப்பட்ட வானவில் டிரவுட் மீன்களில், காற்றில் எடுக்கப்படாதவை 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடு இருந்தன. 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 சதவீதம். ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 28 சதவீதம்தான். டிரவுட் குளிர்நீர் மீன், ஆய்வுக்கூடச் சூழலும் கடுமையானது. ஆகவே இந்த எண்களை அப்படியே கெண்டைக்கும் கட்லாவுக்கும் பொருத்த வேண்டாம். ஆனால் சரிவு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதில் சந்தேகமில்லை.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, போராட்டத்தைச் சுருக்குங்கள். "மெல்லிய தங்கூஸில் பெரிய மீன் பிடித்தேன்" என்பது பெருமையாக இருக்கலாம், மீனுக்கு அது நீண்ட சித்திரவதை. எதிர்பார்க்கும் மீனின் எடைக்குத் தாராளமாகத் தாங்கும் நரம்பை (தூண்டில் இழையை) போட்டு, மாட்டியதும் தயங்காமல் இழுத்து எடுங்கள். இரண்டாவது, தூண்டில் முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றுங்கள். நீள மூக்குக் குறடு சட்டைப் பையிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். பெட்டிக்குள் தேடும் அரை நிமிடம் மீனின் கணக்கில்தான் போகிறது.

ஈரக் கையால் தொடு என்கிறார்கள். ஈரத் துணியால் பிடித்தால் வழுக்காமல் இருக்குமே?
— வாசகர், மேட்டூர் அணை

வேண்டாம். வழுக்காமல் இருக்கிறது என்றால் வழும்பு துணியோடு வந்துவிட்டது என்று பொருள். மீனின் உடல் மேல் இருக்கும் அந்த வழும்புதான் பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே போகாமல் தடுக்கிறது, உடம்பின் உப்புநீர்ச் சமநிலையையும் காக்கிறது. அது உரிந்த இடத்தில் சில நாட்களில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். துண்டு, சாக்கு, நூல் கையுறை எல்லாம் ஒரே ரகம். வெறுங்கையை முழங்கை வரை நனைத்துக்கொள்வதே நல்லது. கொசு மருந்தோ சன்ஸ்கிரீனோ பூசியிருந்தால் முதலில் கழுவுங்கள்.

கைவலையிலும் இதே கதை. முடிச்சுப் போட்ட நைலான் வலை செதிலை உரிக்கும், துடுப்பைக் கிழிக்கும். முடிச்சில்லாத ரப்பர் வலை கொஞ்சம் விலை அதிகம், ஆனால் விடுவதற்காகப் பிடிப்பவருக்கு ராடைவிட முதலில் வாங்க வேண்டியது அதுதான். மீனை மண்ணிலோ வெயிலில் காய்ந்த கற்படியிலோ படகின் தகரத் தளத்திலோ போடாதீர்கள். மதிய நேரத்துத் தகரம் நம் பாதத்தையே சுடும்.

முள்ளை விழுங்கிவிட்டால் எப்படி எடுப்பது? செவுள் வழியாகக் கையை விட்டு எடுக்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

எடுக்கவே வேண்டாம். தொண்டைக்குள் போன முள்ளை இழுத்தால் உணவுக்குழல், இதயம், செவுள் ரத்தக்குழாய் ஏதாவது ஒன்று கிழியும். இவை எல்லாம் அங்கே மிக நெருக்கமாக இருக்கின்றன. நரம்பை முள்ளின் காதுக்கு (நரம்பு கட்டும் துளைக்கு) ஒட்டி வெட்டி விடுங்கள். உள்ளே தங்கிய முள்ளோடு பிழைக்கும் வாய்ப்பு, பிடுங்கி எடுத்த பின் பிழைக்கும் வாய்ப்பைவிட அதிகம். பல மீன்கள் காலப்போக்கில் அதை வெளியே தள்ளிவிடும், அல்லது முள் துருப்பிடித்து உதிரும். இதனால்தான் துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம் என்கிறோம்.

விழுங்காமல் பார்த்துக்கொள்வது இதைவிட எளிது. நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள், மீன் திரும்பி ஓடும்போது நழுவி வந்து வாயின் ஓரத்தில் கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வெடுக்கென்று சுண்டக் கூடாது. சுண்டினால் முள் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். "வட்ட முள்ளில் மீனே ஏறுவதில்லை" என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் பழக்கத்தில் சுண்டுகிறவர்கள். நரம்பு இறுகும்வரை ரீலை நிதானமாகச் சுற்றினால் போதும். இரைவைத்த தூண்டிலைக் கரையில் குத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் ஒரு காரணம். மீனுக்கு விழுங்க நேரம் கிடைக்கிறது.

எந்த முள்ளானாலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். மாட்டாமல் வந்தால் சரி. நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் அவ்வளவாகத் தப்பாது. மூன்று முள் சேர்ந்த கொக்கி உள்ள செயற்கை இரையில், இரண்டை வெட்டி ஒன்றை மட்டும் வைக்கலாம்.

செவுளிலிருந்து ரத்தம் கொட்டுகிறது என்றால் அந்த மீன் பெரும்பாலும் பிழைக்காது. பிடிக்க அனுமதியுள்ள இனமாக இருந்தால் குழம்புக்கு எடுத்துக்கொள்வது தவறில்லை.

ஒரு போட்டோ கூட எடுக்கக் கூடாதா?
— வாசகர், சென்னை

எடுக்கலாம், நண்பர் கேமராவைத் தயார்செய்த பிறகு. அதுவரை மீன் வலைக்குள், தண்ணீரில் இருக்கட்டும். ஒரு கை வால் தண்டில், இன்னொரு கை முன்துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னே வயிற்றின் அடியில். படுக்கை வாட்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. நழுவினால் தண்ணீரில்தான் விழ வேண்டும். எடுக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடியுங்கள். உங்களுக்கு முட்டும் முன்பே மீன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். தாடையைக் கவ்வும் கிடுக்கியில் பெரிய மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பதைக் கைவிடுங்கள். தண்ணீர் தாங்கிப் பழகிய உடம்பு அது. மொத்தப் பாரமும் தாடையிலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. எடை வேண்டுமென்றால் நனைத்த பைக்குள் படுக்க வைத்து நிறுங்கள்.

விராலைத் தண்ணீருக்குள் அமிழ்த்திய வலைப்பையில் வைத்திருந்தேன். மற்ற மீன்கள் நன்றாக இருக்க, விரால் மட்டும் செத்துவிட்டது. எல்லாவற்றிலும் உரம் வாய்ந்த மீன் அல்லவா அது?
— வாசகர், திருவாரூர்

மூச்சுத்திணறிச் செத்திருக்கும். விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். பையின் வாய் முழுவதும் தண்ணீருக்குள் இருந்ததால் அதற்கு வழியில்லாமல் போயிற்று. பையின் மேல்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி கட்டியிருந்தால் இருந்திருக்கும். தேளிக்கும் இதைக் கவனியுங்கள்.

விராலில் இன்னொன்று. செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே பொங்கிப் பொங்கி நகர்ந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அங்கே இரையைப் போட்டால் கோபத்தில் பாய்ந்து கவ்வும், அது சாமர்த்தியமே இல்லை. காவல் போன சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும். தெரியாமல் மாட்டிவிட்டால் அதே இடத்தில் உடனே விடுங்கள், நூறடி தள்ளிக் கொண்டுபோய் அல்ல.

ஆழத்திலிருந்து இழுத்த கலவா கண் பிதுங்கி, வாயில் பலூன் மாதிரி ஒன்று தள்ளிக்கொண்டு வருகிறது. விட்டால் மல்லாக்க மிதக்கிறது. அந்தப் பலூனைக் குத்திவிட்டால் இறங்கும் என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

குத்தாதீர்கள். வாயில் தெரிவது காற்றுப்பை அல்ல, மீனின் இரைப்பை. உள்ளே காற்றுப்பை வீங்கி அதை வெளியே தள்ளியிருக்கிறது.

காரணம் அழுத்தம்தான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அங்கிருந்து மேலே வரும்போது காற்றுப்பையில் உள்ள வாயு நான்கு மடங்கு விரியப் பார்க்கும். கெண்டை, கெளுத்தி போன்றவற்றுக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஒரு குழாய் உண்டு; ஏப்பம் விட்டதுபோல் வாயுவை வெளியேற்றிவிடும். கலவாவுக்கும் சங்கராவுக்கும் அந்த வழி இல்லை. ரத்தம் வழியாக மெதுவாகத்தான் குறையும், இழுக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

தீர்வும் அழுத்தமே: திரும்ப ஆழத்துக்கு இறக்குங்கள். எதிர்முள் நசுக்கிய ஒரு பெரிய முள்ளை எடுத்து, அதன் வளைவில் கயிற்றையும், காதில் ஈயத்தையும் கட்டுங்கள். முள் தலைகீழாகத் தொங்கும். தூண்டில் போட்ட ஓட்டையிலேயே தாடையில் கோர்த்து மீனை இறக்குங்கள். 2 கிலோ மீனுக்கு ஒன்றரை கிலோ ஈயத்தில் தொடங்கி, இறங்காவிட்டால் கூட்டுங்கள். பிடித்த ஆழத்தில் பாதியாவது போனதும் கயிற்றை வெடுக்கென்று ஒருமுறை மேலே இழுத்தால் முள் கழன்றுவிடும். பல மீன்கள் ஒன்றாக வந்தால், மீன் போடும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து, விளிம்பில் 6, 7 கிலோ கனம் கட்டி, மீன்களை அடியில் விட்டு இறக்கலாம். இறங்க இறங்கக் காற்றுப்பை சுருங்கி, தாமாகவே கீழே நீந்திப் போகும். எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நடக்க வேண்டும், ஆகவே முதல் மீன் ஏறும் முன்பே கட்டி வையுங்கள். விலாவில் ஊசி குத்திக் காற்றை எடுக்கும் முறையும் உண்டு; சரியான இடம் தெரியாத கையில் அது ஈரலையும் குடலையும் துளைக்கும்.

ஒரே இடத்தில் ஆழத்து மீன் அடுத்தடுத்து இப்படி வந்தால், நங்கூரத்தைத் தூக்கி ஆழம் குறைந்த பக்கம் போவதே நேர்மையான வழி.

கடல் கெளுத்தியை எப்படிப் பிடித்து விடுவது? கொடுக்கு பட்டால் என்ன செய்ய?
— வாசகர், நாகப்பட்டினம்

மீசை ஒன்றும் செய்யாது. முதுகில் ஒன்றும் இரு பக்கத்தில் ஒவ்வொன்றுமாக உள்ள முட்கள்தான் ஆபத்து. விறைத்து நின்றால் மடங்காது, விஷமும் உண்டு. குறடால் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்து, மீனைத் தொடாமலே தண்ணீருக்கு மேல் தலைகீழாகத் திருப்பினால் மீன் தன் எடையிலேயே கழன்று விழும். வலையில் மீனின் முள் சிக்கினால் வலைக் கண்ணை வெட்டுங்கள். பட்டுவிட்டால் 45 டிகிரி வரையிலான, பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டை மற்ற கையால் பாருங்கள், காயம்பட்ட கைக்கு உணர்வு மரத்திருக்கும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஆண் கெளுத்தி சுண்டைக்காய் அளவு முட்டைகளை வாயில் அடைகாக்கும். தூக்கினால் துப்பிவிடும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தண்ணீரிலேயே நரம்பை வெட்டிவிடுங்கள்.

விடும் முன் மீனை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டுமா?
— வாசகர், வால்பாறை

பின்னால் இழுக்கக் கூடாது. தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகும். ஓடும் நீரில் தலையை எதிர்நீச்சல் பக்கம் வைத்துப் பிடித்தாலே போதும், தேங்கிய நீரில் முன்னோக்கி மட்டும் மெதுவாக வட்டமடியுங்கள். தயாரா என்று பார்க்க: மல்லாக்கத் திருப்பினால் மூன்று விநாடிக்குள் நிமிர வேண்டும், வாலைப் பிடித்தால் உதற வேண்டும், உடலைச் சாய்க்கும்போது கண் சாயாமல் நேராக நிற்கப் பார்க்க வேண்டும். முதல் முறையே மூன்றும் சரியாக இருந்தால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே தொல்லை. விட்டுவிடுங்கள்.

கோடையில் இந்தத் தயார்நிலை வர நேரமாகும். 15 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சமயம் மீனின் தேவை கூடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மாயாற்றில் மகசீர் பிடித்து விடலாமா? விடத்தானே போகிறோம்?
— வாசகர், கோவை

காப்பகப் பகுதிக்குள் கூடாது. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் தூண்டில் போடுவதே குற்றம், விடுவது சலுகை ஆகாது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர் அழியும் விளிம்பில் இருப்பதாக 2018-ல் உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. எஞ்சியவற்றுக்கு மாயாறு முக்கியப் புகலிடம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர் (மீன்தொட்டியில் பாசி தின்ன வளர்க்கும் கெளுத்தி) மாட்டினால்?
— வாசகர், செங்கல்பட்டு

இந்த இரண்டையும் திருப்பி விடாதீர்கள், வேறு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். நம் நீர்நிலைக்கு வெளியார் இவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே நாட்டில் தடை இருக்கிறது. தலையில் ஓங்கி ஒரே அடி, வலி நீளாமல் முடியும். பிறகு கரையிலிருந்து தள்ளிப் புதைத்துவிடுங்கள்.