பயணமும் வாசிப்பும் ஒரு எழுத்தாளரின் அடையாளத்தையே மாற்றிவிடுமா?

மாற்றும். எனக்குத் தெரிந்து இதற்கு ஜும்பா லாஹிரியைவிட நல்ல உதாரணம் இல்லை.

1967-ல் லண்டனில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்காவின் ரோட் ஐலண்டில். வீட்டில் வங்க மொழி, வெளியே ஆங்கிலம். இரண்டிலும் முழுசாக ஒட்டாத மனிதர்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப எழுதினார். முதல் சிறுகதைத் தொகுப்புக்கே 2000-ல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு.

1994-ல் ஃபுளோரன்ஸுக்குப் போனபோது இத்தாலிய மொழி அவரைப் பிடித்துக்கொண்டது. பல வருடம் ஆசிரியர்களிடம் படித்தும் சரளம் வரவில்லை. 2012-ல் குடும்பத்தோடு ரோமில் குடியேறினார். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குடிபெயர்வு இல்லை. கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆங்கிலத்தில் படிப்பதை அவர் நிறுத்திவிட்டார். இத்தாலியப் புத்தகங்கள் மட்டும்தான். தெரியாத சொற்களைக் குறித்துவைத்துக்கொண்டு, மெதுவாக. அப்புறம் டைரியையும் பிழைகளோடு இத்தாலிய மொழியிலேயே எழுதத் தொடங்கினார். 2015-ல் அந்த மொழியில் அவருடைய முதல் புத்தகம் வந்தது. அதை ஆங்கிலமாக்கும் வேலையை அவர் ஏற்கவில்லை; ஆன் கோல்ட்ஸ்டைன் செய்தார்.

ஊர் மாறினால் மட்டும் எழுத்து மாறிவிடாது. வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்தும் பழைய அலமாரியையே படித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. லாஹிரி மாறியது வாசிப்பை மாற்றியதால் என்றே நம்புகிறேன். வங்க மொழி பெற்றோர் தந்தது, ஆங்கிலம் பள்ளி தந்தது. இத்தாலிய மொழி மட்டும் அவரே தேடிப்போனது. அந்தச் சுதந்திரம் 2018-ல் வந்த அவருடைய இத்தாலிய நாவலில் தெரியும்: ஊருக்கும் பெயரில்லை, கதை சொல்லும் பெண்ணுக்கும் பெயரில்லை. வங்காளியா அமெரிக்கரா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அந்த நாவலை அவரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், 2021-ல்.